தலைவர் அமர்ந்த நாற்காலி

எங்கள் தலைவரைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும், ஒரு இடத்தில் நல்ல நாற்காலி எது என்று கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மண்டபத்துக்குள் காலை வைத்ததும் கண் நேராக அதன் மேல்தான் போகும். உள்ளூரில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நல்ல நாற்காலி எல்லாமே அவருக்காகத்தான் போட்டிருக்கும். வெளியூர் போன இடத்தில்தான் வம்பு வந்தது.

கடல் தாண்டி இருக்கிற ஒரு நாட்டுக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். அந்த நாட்டு அதிபர் வயதான அம்மாள். முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். மடக்கி உட்கார முடியாது என்பதால், விருந்து மேஜையில் அவருக்கென்று உயரமாக ஒரு நாற்காலி, முதுகுக்கு மெத்தை, கால் நீட்ட ஒரு முக்காலி எல்லாம் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்கள். நம்மவர் நுழைந்தார். பார்த்தார். உட்கார்ந்தார். காலைத் தூக்கி முக்காலியில் போட்டார். அந்த அம்மாள் பக்கத்தில் வந்து நின்றார். யாராவது சொல்வார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர் அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்து, "கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்கம்மா" என்றார்.

விருந்து முடிகிற வரைக்கும் அந்த அம்மாள் நின்றார். தண்ணீரும் கொண்டு வந்து கொடுத்தார், அதுதான் பெரிய கொடுமை. இதை உலகம் முழுக்க டிவியில் போட்டார்கள். எங்கள் தொலைக்காட்சியில் மட்டும், தலைவர் வெளிநாட்டில் உயர்ந்த இடத்தைப் பிடித்தார் என்று செய்தி வந்தது.

நான் ஒரு சலூன் வைத்திருக்கிறேன். சின்னக் கடை. ஒரு கண்ணாடி, காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு, காலால் மிதித்தால் மேலே ஏறுகிற சுழல் நாற்காலி ஒன்று. கடையில் இருப்பதிலேயே விலை கூடின சாமான் அந்த நாற்காலிதான். வழக்கமாக இந்தச் செய்தியை எல்லாம் கத்தரிச் சத்தத்தோடு சத்தமாகக் கேட்டுவிட்டு விட்டுவிடுவேன். அன்றைக்கு அப்படி விட முடியவில்லை. என் மகள் நர்சு. அவளுக்கு வேலை கிடைத்திருந்தது அந்த நாட்டில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. விசா மட்டும் பாக்கி. அந்த ஊர் பாஷையைக்கூட ராத்திரி பகலாகப் படித்து முடித்திருந்தாள்.

"அப்பா, இதனால எதாவது சிக்கல் வருமா?" என்று கேட்டாள்.

"அவர் உக்காந்ததுக்கும் நீ போறதுக்கும் என்னம்மா சம்பந்தம்" என்றேன். எவ்வளவு வெகுளியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருந்தால் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும் சமாச்சாரம். ஆனால் மன்னிப்பு கேட்டால் தப்பு செய்ததாக ஆகிவிடுமாம். இந்த மாதிரி நேரத்துக்கென்றே எங்கள் அரசாங்கத்தில் நற்பெயர்த் துறை என்று ஒன்று இருக்கிறது. அதன் இயக்குநர் டிவியில் வந்து உட்கார்ந்தார். எண்ணெய் வைத்து வழித்துச் சீவின தலை, குரலில் ஒரு சர்க்கரைப் பாகு.

"விருந்தாளி, வீட்டுக்காரரோட சொந்த இருக்கையில அமர்றது எங்க நாட்டோட ரொம்பப் பழைய மரபு. அது அன்போட உச்சம். எங்க தலைவர் அந்த அம்மாவுக்குத் தன்னால முடிஞ்ச மரியாதையச் செஞ்சிருக்கார். தண்ணி கேட்டது கூடுதல் மரியாதை."

நான் ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அப்படியொரு மரபு நம்மகிட்ட இருக்கா?" என்றார். "எனக்குத் தெரிஞ்சு பஸ்ல ஜன்னல் சீட்டக்கூட யாரும் தரமாட்டாங்க" என்றேன்.

அந்த நாட்டுக்காரர்கள் நம்மைப்போல் சட்டென்று கோபப்படுகிறவர்கள் இல்லை. நிதானமாகப் பதில் எழுதினார்கள். இப்படியொரு மரபைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை, அறிய ஆவலாக இருக்கிறோம், எங்கள் தூதர் நேரில் பார்த்து அறிக்கை தருவார், அதுவரைக்கும் உங்கள் மரபுகளைப் பற்றி எங்களுக்குத் தெளிவு இல்லாததால் உங்கள் மக்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்திவைக்கிறோம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களும் மகளுக்கு எழுதினார்கள். மாதக் கடைசிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம், வருந்துகிறோம் என்று.

மகள் அழவில்லை. பாஷைப் புத்தகத்தை எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். என் வீட்டுக்காரிதான் கொதித்துப்போனாள். "எவனோ எங்கேயோ உக்காந்தா, என் பொண்ணு இங்க எந்திரிக்கணுமா" என்று அடுப்படியில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள்.

இந்தப் பக்கம் அரசாங்கத்துக்கு வேறு அவசரம். தூதர் வந்து பார்ப்பதற்குள் மரபைக் கொண்டுவந்தாக வேண்டும். ஒரே உத்தரவு. எல்லா அலுவலகத்திலும் வருகிறவர் அதிகாரியின் நாற்காலியில் உட்கார வேண்டும், அதிகாரி நிற்க வேண்டும். பஸ் டிரைவர்களுக்கு இதிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆனால் அந்த விலக்கு முதல் நாள் மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. அதற்குள் ஒரு பஸ் காய்கறிக் கடைக்குள் போய் நின்றிருந்தது.

விசா விஷயமாக எதாவது வழி உண்டா என்று கேட்க நானும் மகளும் வெளியுறவு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் இருந்த அதிகாரி எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். "உக்காருங்க" என்று தன் நாற்காலியைக் காட்டினார்.

"பரவால்ல சார், நின்னே சொல்றேன்."

"நீங்க உக்காந்தாத்தான் நான் கேக்க முடியும். உத்தரவு."

உட்கார்ந்தேன். முன்னால் கம்ப்யூட்டர், முத்திரை, மணி எல்லாம் இருந்தன. என் பிரச்சினையைச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே பொறுமையாகக் கேட்டார். வேண்டியது ஒரு சிபாரிசுக் கையெழுத்து, அது என் அதிகாரத்தில்தான் இருக்கிறது, தாராளமாகப் போடலாம் என்றார். "போடுங்க சார்" என்றேன். "இருக்கையில இருக்கும்போது போட்ட கையெழுத்துதான் செல்லும். அதுவும் உத்தரவு, பழைய உத்தரவு" என்றார். "அப்ப நான் எந்திரிக்கறேன்" என்றேன். "நீங்க எந்திரிச்சா நீங்க வரலைன்னு ஆயிடும். வராதவங்களுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

அதற்குள் எனக்கு முன்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ஒரு அம்மாள் காகிதத்தை நீட்டி, "இதுல ஒரு முத்திரை குத்திக் குடுத்துருங்க" என்றாள்.

"நான் முடி வெட்டறவன்ம்மா."

"அதனால என்ன. நாற்காலில இருக்கீங்கல்ல, குத்துங்க."

மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். தெருவுக்கு வந்த பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச தூரம் சிரித்தபடியே நடந்தோம். பிறகு அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

உத்தரவு போட்டு வந்த மரபு எப்படி இருக்கும் என்பது நற்பெயர்த் துறைக்கே தெரிந்துபோயிற்று. நிற்கிற அதிகாரிகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறவர்களை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார்கள். படமெடுத்துப் பார்த்தால் அன்போட உச்சம் தெரியவில்லை, அடிதடிக்கு முந்தின நிமிஷம் தெரிந்தது. மனசார இதைச் செய்கிற ஒரு இடமாவது நாட்டில் இருக்காதா என்று இயக்குநர் ஆளை விட்டுத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அந்த விரக்தியில்தான், முடிக்குச் சாயம் அடித்துக்கொள்ள என் கடைக்கு வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் துணியைப் போர்த்தி, பின்னால் நின்று, சாயத்தைக் குழைத்துத் தடவ ஆரம்பித்தேன். பாதித் தலை கறுத்திருக்கும்போது கண்ணாடியில் என்னையே உற்றுப் பார்த்தார்.

"இது யார் கடை?"

"என்னுதுதான் சார்."

"இந்த நாற்காலி?"

"அதுவும் என்னுதுதான்."

"இதுல நீங்க உக்கார்றதே இல்லையா?"

"நான் உக்காந்தா யார் சார் வெட்டறது?"

மனிதர் மீதிப் பாதித் தலை நரையோடு எழுந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "வீட்டுக்காரர் நிக்கறார், வந்தவர் உக்கார்றார். சிரிச்ச முகத்தோட. எத்தனை வருஷமா இந்த மரபு உங்க குடும்பத்துல இருக்கு?"

"இது மரபு இல்ல சார், தொழில்."

"நீங்க அடக்கமாச் சொல்றீங்க" என்றார். சாயத்துக்குக் காசு கொடுக்க மறந்து போய்விட்டார். நானும் கேட்கவில்லை, வேறு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மகள் விசா கதையைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "நாட்டோட மானம் முக்கியமா, உங்க பொண்ணு வேலை முக்கியமா? யோசிச்சுப் பேசுங்க."

"ரெண்டையும் அந்தத் தூதர் ஒரே ஃபைல்லதான் வெச்சிருக்கார் சார்."

அவருக்கு அது பிடித்திருந்தது. தூதர் வரும் நாளில் மகளும் கடையில் இருக்கட்டும், குடும்பம் என்று ஒன்று பக்கத்தில் நின்றால் மரபுக்கு ஒரு களை வரும் என்றார். அவள் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் அவரே தயார் பண்ணினார்: "இது எங்கள் முன்னோர் எங்களுக்குத் தந்த பெருமை." அதை அந்த ஊர் பாஷையில் சொல்லிப் பழகச் சொன்னார்.

தூதர் வருகிற அன்று என் கடை எனக்கே அடையாளம் தெரியவில்லை. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். நடிகர்கள் படத்தைக் கழற்றிவிட்டுத் தலைவர் படம் மாட்டியிருந்தார்கள். நாற்காலியின் கிழிந்த கைப்பிடிக்குப் புது ரெக்சின், மேலே சிவப்பு விரிப்பு. அது இவ்வளவு நல்ல நாற்காலி என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதே ஒருத்தருக்காவது புத்தி வந்திருக்க வேண்டும்.

தூதர் உயரமான மனிதர். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி இல்லை. இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் இயக்குநரைப் பார்த்தேன். "ஷேவிங் பண்ணிடலாம் சார்" என்று மெல்லச் சொன்னேன். தூதர் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, எதையும் நம்பாத ஒரு புன்னகையோடு நின்றார். திட்டம் இதுதான்: இயக்குநர் பேசுவார், தூதரை நான் நாற்காலிக்கு அழைப்பேன், அவர் உட்காருவார், நான் நிற்பேன், படம் எடுப்பார்கள்.

இயக்குநர் பேசினார். "மாண்புமிகு தூதர் அவர்களே, நாற்காலி என்பது எங்களுக்கு வெறும் நாற்காலி இல்லை. அதை விட்டுக் கொடுப்பதற்காகவே எங்கள் தலைவர்கள் வாழ்கிறார்கள்." கூட்டத்தில் யாருக்கோ இருமல் வந்தது. "ஒரு முறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவே மனம் வராத அந்த அன்பைத்தான் எங்கள் தலைவர் உங்கள் நாட்டுக்கு எடுத்து வந்தார்."

அப்போது வாசலில் சைரன் கேட்டது. தலைவர் வரப்போவதாக யாருக்கும் சொல்லவில்லை. தன் மரபைத் தானே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. உள்ளே நுழைந்தார். கண் ஒரு சுற்றுச் சுற்றியது. பார்த்தார். உட்கார்ந்தார்.

காலடிக் கட்டையில் காலை வைத்து, ஒரு அரைவட்டம் சுழன்று பார்த்து, "நல்லாருக்கே" என்றார். தூதர் நின்றுகொண்டிருந்தார். இயக்குநரின் முகம் சுண்ணாம்புச் சுவரோடு சேர்ந்துவிட்டது. தலைவர் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினார்.

சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால் என் கை என்னைக் கேட்காது. துணியை உதறினேன், போர்த்தினேன், கழுத்தில் முடிந்தேன். தலையைப் பின்னால் சாய்த்தேன். பிரஷை நனைத்து நுரையை மூக்குக்குக் கீழே வரைக்கும் ஏற்றினேன்.

"நான் ரெண்டு வார்த்தை..." என்று ஆரம்பித்தார்.

"வாயத் திறக்காதீங்க ஐயா, கத்தி பட்டுரும்."

மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கண்ணையும் மூடிக்கொண்டார். கன்னத்தில் கை பட்டால் தூங்கிப்போகிறவர்கள் உண்டு, அவர் அந்த ரகம். எங்கள் தலைவர் பேசாமல் இருந்ததை நாடு அன்றைக்குத்தான் பார்த்தது. பார்க்க நன்றாகவே இருந்தார்.

தூதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, முறைக்குக் காத்திருக்கிறவர் மாதிரி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் என் மகள். இயக்குநர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், அந்த வாக்கியத்தைச் சொல்லும்மா என்று. அவளும் அந்த ஊர் பாஷையில் ஏதோ சொன்னாள். ஆனால் சின்னதாகச் சொன்னாள், கேள்வி மாதிரி. தூதரின் புன்னகை போய்விட்டது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து பதில் சொன்னார். அவள் மறுபடி எதையோ கேட்டாள், தன் காலைத் தொட்டுக் காட்டினாள். அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நான் ஷேவிங்கை முடிந்த மட்டும் இழுத்தேன். ஒரு கன்னத்தை இரண்டு தடவை வழித்தேன்.

எல்லாரும் போன பிறகு, "என்னடி சொன்ன? முன்னோர் பெருமையச் சொன்னியா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"வரலைம்மா. அவரப் பாத்ததும் அந்தம்மா ஞாபகம்தான் வந்தது. அவங்க முட்டி இப்ப எப்படி இருக்குன்னு கேட்டேன். அன்னைக்கு நின்னதுல வீங்கிடுச்சாம். படில இறங்கும்போது எந்தக் கால முதல்ல வெக்கறாங்கன்னு கேட்டேன். நல்ல காலயாம். வலிக்கிற கால முதல்ல எறக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"உங்க நாட்டுலருந்து எவ்வளவோ கடிதம் வந்துச்சு. மரபுக்கு விளக்கம், மரபோட வரலாறு, மரபோட படம். முட்டிய யாருமே கேக்கலைன்னார்."

தூதர் தன் அறிக்கையில் இரண்டே வரி எழுதினாராம். "மரபு எதுவும் தென்படவில்லை. மக்கள் நல்லவர்கள்." நற்பெயர்த் துறை இரண்டாவது வரியை மட்டும் எடுத்துப் பெரிய எழுத்தில் சுவரெல்லாம் ஒட்டியது. மரபுக்குக் கிடைத்த வெற்றி என்று இயக்குநருக்கு ஒரு பதக்கமும் கொடுத்தார்கள். விசா திறந்தது. மாதம் முடிவதற்குள் மகள் விமானம் ஏறினாள். விமான நிலைய வாசலில் அவள் பெட்டியை இறக்கி வைத்தேன். அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவள் போன மறு வாரம் துறையிலிருந்து லாரி வந்தது. தலைவர் அமர்ந்த நாற்காலி தேசியச் சொத்தாம். தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தந்தார்கள். அது ஏறவும் ஏறாது, சுழலவும் சுழலாது. உயரமான ஆளுக்குச் சரி, குட்டையான ஆளுக்கு நான் குனிந்து குனிந்து வெட்டி இடுப்பு விட்டுப்போகிறது. கடைக்கு விடுமுறை விடும் நாளில் அருங்காட்சியகத்துக்குப் போய் என் நாற்காலியைப் பார்த்துவிட்டு வருவேன். கண்ணாடிக் கூண்டு எல்லாம் இல்லை, சுற்றி ஒரு கயிறுதான். முன்னால் பலகை: "வந்தவருக்குத் தன் இருக்கையை அளிக்கும் நம் மரபின் சான்று. யாரும் உட்காரக் கூடாது."

போன முறை அங்கே நிற்கும்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது.

"வார்டுல ஒரு பெரியவர் இருக்கார்ப்பா. என்னப் பாத்தாலே கட்டில்லருந்து எந்திரிக்கப் பாக்கறார். உங்க நாட்டுக்காரங்க வந்தா எடத்தக் குடுத்துரணுமாமேன்னு கேக்கறார்."

"கேலி பண்றாரா?"

"கேலிதான். எல்லாரும் சிரிக்கறாங்க. முதல்ல எனக்கு அழுக அழுகயா வந்துச்சு. அப்பறம் அவரப் புடிச்சுப் படுக்க வெச்சு, எங்க வீட்டுல நாங்க நின்னு வேல செய்யறவங்க, எங்கப்பா தன் நாற்காலில ஒரு நாள்கூட உக்காந்ததில்லன்னு சொன்னேன். இப்ப அவர் என்னத் தவிர வேற யாரயும் ஊசி போட விடமாட்டேங்கறார்."

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இப்ப எங்கப்பா இருக்கீங்க?"

"நம்ம நாற்காலி பக்கத்துலதான்."

"இன்னைக்காவது அதுல ஒரு நிமிஷம் உக்காருங்களேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு உள்ளே, புது ரெக்சின் கைப்பிடியில் இரண்டு கையையும் போட்டு, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, காலடிக் கட்டையில் பூட்ஸை நீட்டிக்கொண்டு அருங்காட்சியகக் காவலாளி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"முடியாதும்மா. அரசாங்கம் உக்காந்து தூங்கிட்டிருக்கு."



"எழுப்பிடாதீங்கப்பா" என்றாள். "அடுத்த வருஷம் எனக்கு விசா புதுப்பிக்கணும்."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினேன்.